மின்சாரக் கார் வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை



பெட்ரோல் செலவு தாங்க முடியாமல், சேமிப்பை எடுத்தோ நகையை விற்றோ மின்சாரக் கார் வாங்க நினைக்கும் குடும்பங்கள் நம் அறக்கட்டளையிடம் ஆலோசனை கேட்கின்றன. "பத்து வருடத்தில் இந்தக் கார்களே இல்லாமல் போய்விடுமோ?" என்பதுதான் பலரின் சந்தேகம்.

அந்தப் பயம் வேண்டாம். நார்வே நாட்டில் 2024-ல் விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு சுமார் 89 மின்சாரக் கார்கள்தான். எனவே மின்சாரக் கார் நிலைக்கும். ஆனால் நாம் வாங்கும் கார் எத்தனை காலம் உழைக்கும்? அதைத்தான் கேட்க வேண்டும். பதில் பேட்டரியில் இருக்கிறது. காரின் விலையில் பெரும் பங்கு அதற்கே போகிறது.

வயது கூடக் கூட பேட்டரியின் சக்தி குறையும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். 2010 இறுதியில் வந்த நிசான் லீஃப் காரில் பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் வசதி இல்லை. ஓடும் தூரம் வேகமாகக் குறைகிறது என 2012-லேயே அமெரிக்காவின் அரிசோனாவில் புகார்கள் எழுந்தன. இன்று பல கார்களில் அந்த வசதி உண்டு. நம்மூர் வெயிலுக்கு அது அவசியம்.

வாங்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. பேட்டரி வாரண்டி எத்தனை ஆண்டு? 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்பது பரவலான அளவு. சக்தி எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள்?

2. பழைய கார் என்றால் வாரண்டி நம் பெயருக்கு மாறுமா? பேட்டரியின் இன்றைய நிலை குறித்த சோதனை அறிக்கை கிடைக்குமா?

3. வாரண்டி முடிந்தபின் புதிய பேட்டரியின் விலை என்ன? எழுத்தில் வாங்குங்கள்.

4. வீட்டில் சார்ஜ் செய்ய இடம் உண்டா? மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் ஏறத்தாழ 150 யூனிட் ஆகும். இரண்டு மாத மின் கணக்கில் 300 யூனிட் கூடும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமும் உயரும்.

தினமும் அதிகம் ஓடும் வண்டிக்கே இந்த முதலீடு சீக்கிரம் திரும்பும். வாரத்தில் ஒருநாள் வெளியே போகும் குடும்பம் அவசரப்பட வேண்டியதில்லை. எரிபொருளில் மிச்சம் பிடிக்கப் போய் வட்டியில் சிக்கிக்கொள்ள வேண்டாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நமக்குக் கற்றுத்தரப்பட்ட வழி. விசாரித்து, மஷூரா செய்து முடிவெடுங்கள். அல்லாஹ் நம் பொருளாதாரத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.