ஓசை நீக்கும் ஹெட்போன்: விலையும் பயனும்

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோர்க்கு ஓசை புதியதொன்றன்று. குமாரபாளையம், பள்ளிபாளையம், இளம்பிள்ளை முதலிய ஊர்களில் இரவும் பகலும் ஓடும் விசைத்தறிகள், நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டினின்று புறப்படும் ஆழ்துளைக் கிணற்று லாரிகள், 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இடையறாது செல்லும் வண்டிகள் ஆகிய இவற்றின் நடுவேதான் நம் மாணவர் பலர் பாடம் படிக்கின்றனர். கலாசாலைக்கு நாள்தோறும் வந்து மீள்கின்றனர். இத்தகையோர்க்கு, ஓசையை நீக்கும் என்று பெட்டியின்மேல் அச்சிடப்பெற்ற கம்பியில்லா ஹெட்போன் ஒன்று ரூ. 2,000-க்கோ ரூ. 3,000-க்கோ கிடைக்கின்றது என்றால், அது பெரியதோர் அனுகூலமாகத் தோன்றுதல் இயல்பே. ஆயினும் நெசவுக் கூலியால் வாழும் குடும்பத்துக்கு அத்தொகை சிறிதன்று. அது கொடுத்து வாங்கத்தக்கதுதானா, யாருக்குத் தகும், எவ்வகை ஓசைக்குத் தகும் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அக்கருவி செய்யும் தொழிலை அறிதல் வேண்டும். அது ஓசையை இருவகையாற் குறைக்கின்றது. முதல்வகை தடுப்பு. காதைச் சுற்றிப் பொருந்தும் மெத்தையும் அதன் மேலுள்ள கூடும் சுவர்போல் நின்று ஒலியை உட்புகவொட்டாமற் செய்கின்றன. இதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. இரண்டாம் வகை, ஒலியை ஒலியால் அடக்குதல். ஒலி என்பது காற்றின் அழுத்தம் கூடுதலும் குறைதலுமாக மாறிமாறி வரும் அலை. அவ்வலை மேடாகும் கணத்திற் பள்ளமும், பள்ளமாகும் கணத்தில் மேடுமாக மற்றோர் அலையை எழுப்பினால், இரண்டும் கூடிச் சமனாகி ஓசை அடங்கும். கருவியிலுள்ள சிறிய மைக் வெளியோசையை வாங்க, உள்ளிருக்கும் சில்லு அதற்கு மாறான அலையைக் கணக்கிட, காதருகேயுள்ள ஒலிபெருக்கி அதனை எழுப்புகின்றது.

இக்கருத்து நெடுநாளையது. பவுல் லூயெக் என்னும் ஜெர்மானியர் 1933-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார்; 1936-இல் அமெரிக்காவிலும் அவருக்கு அவ்வுரிமை கிடைத்தது. ஆயினும் அக்காலத்து மின்னணுச் சாதனங்கள் அதனை நடைமுறைக்குக் கொணரும் ஆற்றல் பெற்றிருக்கவில்லை. வங்கத்தினின்று அமெரிக்காவிற் குடியேறிய ஒருவரின் மைந்தரும் பேராசிரியருமான அமர் போஸ் என்பார், 1978-இல் ஐரோப்பாவினின்று விமானத்தில் திரும்புகையில், எஞ்சினின் இரைச்சலால் இசை கேட்கவியலாமை கண்டு, இதற்கான கணக்குகளை விமானத்திலிருந்தவாறே எழுதத் தொடங்கினார். அவர் நிறுவிய கம்பெனி 1989-இல் விமானிகளுக்கும், 2000-இல் பொதுமக்களுக்கும் இக்கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்றோ அக்கணக்கு முழுவதையும் ஒரு சிறு சில்லே செய்துவிடுகின்றது. குறைந்த விலைக்கு இக்கருவி கிடைப்பதன் முக்கிய காரணம் இதுவே.

இக்கருவி எல்லா ஓசையையும் ஒருபடித்தாக நீக்குமோ எனின், நீக்காது. காரணத்தைச் சிறு கணக்கால் விளக்குவோம். ஆறு சிலிண்டர் கொண்ட பேருந்தின் டீஸல் எஞ்சின் நிமிஷத்துக்கு 1,500 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரு சுழற்சிக்கு ஒருமுறை வெடிப்பதால், வினாடிக்கு 75 வெடிப்புகள் நிகழ்கின்றன. எனவே அதன் முழக்கத்தின் முக்கிய பகுதி 75 ஹெர்ட்ஸ் ஆகும். அவ்வலை ஒன்று கடந்து செல்ல ஒரு வினாடியில் 75-இல் ஒரு பங்கு நேரம் ஆகின்றது. கருவி மாற்றலையை எழுப்புவதிற் பதினாயிரத்தில் ஒரு வினாடி தாமதித்தாலும், அப்பிசகு ஓர் அலையின் 130-இல் ஒரு பங்குக்கு மேற்படாது. ஓசை நன்றாக அடங்கிவிடும். ஆனால் 3,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அதே தாமதம் ஓர் அலையின் பத்தில் மூன்று பங்காகின்றது. ஆறில் ஒரு பங்குக்கு மேற் பிசகுமாயின், மாற்றலை ஓசையைக் குறைப்பதற்கு மாறாக மிகுவித்துவிடும். இதுபற்றியே, சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஓசையைப் பெரும்பாலும் மெத்தையின் தடுப்புக்கே விட்டுவிடுகின்றனர். விலையுயர்ந்த கருவிகள் இவ்வெல்லையைச் சிறிது உயர்த்துகின்றன, முற்றும் கடந்துவிடுவதில்லை.

இனி இதனை நம் நாட்டு ஓசைகளோடு பொருத்திப் பார்ப்போம். பேருந்தின் முழக்கம், இரயிலின் இரைச்சல், ஜெனரேட்டரின் உறுமல், மின்விசிறியின் தாழ்ந்த ஓசை ஆகியன ஒரே தன்மையாக நீடிப்பவை, தாழ்ந்த சுருதியுடையவை. இவற்றின்மீது மலிவான கருவியும் நன்றாகவே வேலை செய்யும். விடுதியில் அடுத்த அறையின் பேச்சு, தட்டுகள் மோதும் ஓசை, லாரியின் ஹாரன் ஆகியன ஓரளவே குறையும். விசைத்தறியின் ஓசையோ வேறு வகையது. நாடாவைக் குச்சி அடித்து எறிவதும், அது மறுகோடியிலுள்ள பெட்டியில் மோதி நிற்பதும், நிமிஷத்துக்கு நூறு முறைக்கு மேல் நிகழ்கின்றன. இவ்வோசை தொடர்ந்த முழக்கமன்று. நொடிதோறும் எழும் அடி. அவ்வடியில் தாழ்ந்த சுருதியும் உயர்ந்த சுருதியும் கலந்திருக்கின்றன. இதனைக் கணக்கிட்டு மாற்றலை எழுப்புவதற்குள் அடி காதை எட்டிவிடும்.

இங்கேதான் முக்கியமானதோர் ஆபத்து உளது. மனிதரின் காதுக் குழல் 3,000 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள ஒலியை இயல்பாகவே மிகுவிக்கும். பேரோசையில் நெடுநாள் உழைப்போர்க்கு முதலிற் பழுதுபடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கேள்வியே. உட்செவியிலுள்ள நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கருவி வலுவிழக்கும் இடமும் காது எளிதிற் பழுதுபடும் இடமும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. தறிக்கூடங்களில் ஓசை 90 டெசிபெல்லைக் கடத்தல் சாதாரணம். அங்கே உழைக்கும் தந்தைக்கோ தாய்க்கோ காதைக் காக்கும் என்று கருதி இந்த ஹெட்போனை வாங்கித் தருதல் பொருந்தாது. அதற்கென்று சோதித்து விற்கப்படும் காதடைப்பான்கள் உள. பஞ்சுபோன்ற நுரையால் ஆன அடைப்பான் மிகச் சொற்ப விலைக்கே கிடைக்கும். அதனை உருட்டிக் காதினுள் நன்றாகப் பொருத்தினால் உயர்ந்த சுருதியையும் தடுக்கும். காதைச் சுற்றி மூடும் தொழிற்கூடக் கவசங்களும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன.

அங்ஙனமாயின் இந்த ஹெட்போனால் விளையும் மெய்ப்பயன் யாது? நாம் கேட்கும் பாடத்தையோ இசையையோ தாழ்ந்த ஒலியிற் கேட்கவைப்பதே. பேருந்தில் எஞ்சினின் முழக்கத்தை வெல்லும்பொருட்டு நாம் செல்போனின் ஒலியை உயர்த்துகின்றோம். உலக சுகாதார ஸ்தாபனம், 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்று வரையறுத்துள்ளது. ஒலி 3 டெசிபெல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகும். ஒன்பது டெசிபெல் உயர்த்தினால் 40 மணி 5 மணியாகச் சுருங்கிவிடும். வாரத்தில் ஆறு நாள், போக வர ஒவ்வொரு மணி நேரம் பேருந்திற் பாடம் கேட்கும் மாணவர்க்கு 12 மணி ஆகின்றது என்பதை எண்ணிப்பார்க்க. அவ்வொன்பது டெசிபெல்லை உயர்த்தாமலே கேட்க உதவுமாயின், அக்கருவி தன் விலைக்குத் தக்க பயனைத் தந்ததாகும்.

வாங்குவோர் பெட்டியிலுள்ள எழுத்துக்களைக் கூர்ந்து படித்தல் வேண்டும். ஏ.என்.சி. என்பது அணிந்தவரின் காதுக்கு ஓசையைக் குறைப்பது; ஈ.என்.சி. என்பது நாம் பேசுகையில் மறுமுனையில் இருப்பவர்க்கு நம்மைச் சூழ்ந்த ஓசை கேளாவண்ணம் செய்வது. பின்னது மட்டும் உள்ள கருவியை முன்னதென்று கருதி ஏமாறுவோர் உளர். "32 டெசிபெல் வரை" என்பது போன்ற எண்ணில் "வரை" என்னும் சொல்லே கவனிக்கத்தக்கது; அவ்வளவு குறைவது ஏதேனும் ஒரு சுருதியில் மட்டுமே. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரை அவசியம் இருத்தல் வேண்டும்; ஆனால் அது மின்சாரத்தால் தீங்கு நேராமைக்கு உரியதேயன்றி, ஓசை நீக்கத்தின் திறத்துக்கு உரியதன்று.

கடையிலேயே செய்யத்தக்க சோதனைகள் மூன்று. முதலாவது, கருவியை இயக்காமலே அணிந்து பார்க்க. மெத்தை காதைச் சுற்றி இடைவெளியின்றிப் பொருந்தாவிடில், தாழ்ந்த ஓசை அவ்விடைவெளி வழியே புகுந்து பின்னர் நிகழும் நீக்கத்தையும் கெடுத்துவிடும். மூக்குக் கண்ணாடி அணிவோர் அதனை அணிந்தவாறே சோதித்தல் நன்று. இரண்டாவது, அமைதியான இடத்தில் ஓசை நீக்கத்தை மட்டும் இயக்குக, இசை வேண்டா. கருவி தானே இரைந்தாலும், காதில் அழுத்தம் தோன்றி வருத்தினாலும், நெடுநேரம் அணிய இயலாது. மூன்றாவது, செல்போனில் ஒரு பேச்சை அமைதியில் தெளிவாகக் கேட்க எத்தனை படி ஒலி வேண்டும் என்று எண்ணிக்கொள்க. பின்பு சாலையோரம் நின்று, ஓசை நீக்கத்தை இயக்கியும் நிறுத்தியும், அதே தெளிவுக்கு எத்தனை படி உயர்த்தவேண்டும் என்று காண்க. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையே நாம் கொடுக்கும் பணத்துக்குரிய பொருள். ஒரு படியும் வேறுபடாவிடில், அச்சிட்ட எண் எதுவாயினும் பணம் வீணே.

நம் ஊரின் வெயிலையும் மறத்தலாகாது. வேனிலில் வியர்வை பட்டு மெத்தையின் மேற்றோல் உரிந்துவிடும். மாற்று மெத்தை கிடைக்குமா, மின்கலம் நலிந்தபின் கம்பி செருகியேனும் கேட்கலாமா என்று முன்னரே வினவுதல் அறிவுடைமை. ஈராண்டு உழைக்கும் ரூ. 3,000 கருவி, ஆறு மாதத்தில் எறியப்படும் ரூ. 1,500 கருவியினும் மலிவானது. சாலையில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இதனை அணிதல் உயிருக்கே கேடாம்.

முடிவாக நாம் சொல்லத்தக்கது இது. நாள்தோறும் பேருந்திலோ இரயிலிலோ நெடுநேரம் சென்று பாடம் கேட்போர், மேற்கூறிய சோதனைகளில் தேறிய மலிவான கருவியொன்றை வாங்கலாம். பெருவிலைக் கருவிக்கு ஏங்கவேண்டுவதில்லை. விடுதியில் அமைதியை மட்டும் வேண்டுவோர்க்கு நுரை அடைப்பானே போதும். தறிக்கு அருகே இருந்து படிக்கும் மாணவர் முதலில் அடைப்பான் வாங்குக. தமக்கு மட்டுமன்று, தறியில் நிற்கும் பெற்றோர்க்கும் சேர்த்து வாங்குக. வள்ளுவர் கேள்விக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அக்கேள்விக்கு வாயிலாகிய செவியைக் காத்தல், கற்போர் அனைவரும் மேற்கொள்ளற்பாலதொரு கடமையாகும்.