விபத்து ஏழை வீட்டைத் தேடி வருவது ஏன்?

காசநோய் எந்தத் தெருவில் அதிகம், சத்துக்குறைவு எந்த வீட்டுக் குழந்தைக்கு என்று கேட்டால் நமக்குப் பதில் தெரியும். வறுமைக்கும் நோய்க்கும் உள்ள உறவை ஒப்புக்கொண்டுவிட்டோம். விபத்தை மட்டும் இன்னும் தலையெழுத்து என்கிறோம். லாரிக்கும் நெருப்புக்கும் ஆள் பார்க்கத் தெரியாது என்று நம்புகிறோம்.

கணக்கெடுத்தவர்கள் கண்டது வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 முதல் 2003 வரை காயங்களால் இறந்த குழந்தைகளை, பெற்றோரின் வேலையை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். உயர் பதவியில் இருப்பவர்களின் குழந்தைகளைவிட, நெடுங்காலம் வேலையில்லாதவர்களின் குழந்தைகள் இறக்கும் விகிதம் சுமார் 13 மடங்கு அதிகமாக இருந்தது. சாலையில் நடந்து போகும்போது அடிபட்டு இறப்பதில் அது 20 மடங்கைத் தாண்டியது. வீட்டில் தீப்பிடித்து இறப்பதில் 37 மடங்கையும் தாண்டியது. அங்கே மருத்துவம் எல்லோருக்கும் இலவசம். அப்படியிருந்தும் இவ்வளவு வேறுபாடு என்றால், குழந்தை ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது என்றுதான் பொருள். துடுக்குத்தனம் எல்லாக் குழந்தைக்கும் ஒன்றுதான். ஒரு குழந்தை தோட்டத்தில் ஓடுகிறது, இன்னொன்றுக்கு ஓடி விளையாட வீதிதான் இருக்கிறது.

தரையில் படுப்பவர்கள்

நம் நாட்டில் இதைக் காட்ட பாம்புக்கடியைவிடத் தெளிவான சான்று இல்லை. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்தார். மழைக்காலத்தில் சாவு கூடுகிறது.

கட்டுவிரியனை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் வெளிவரும் பாம்பு அது. தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கடிக்கும். பல் சிறியது, வலி குறைவு, கடிவாய்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து உட்காருவார்கள். இமை தானாகச் சரியும், எச்சில் விழுங்க முடியாது, பிறகு மூச்சு அடங்கும். பாம்பு கடித்தது என்றே தெரியாமல் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. கட்டிலும் சிமெண்டுத் தரையும் சாத்திய கதவும் உள்ள வீட்டில் இந்தச் சாவு மிக அரிது. செங்கல் சூளைக் குடிசையிலும், வயற்காவலுக்குப் போட்ட கொட்டகையிலும் படுப்பவருக்கு அது பக்கத்திலேயே இருக்கிறது.

காப்பாற்றக்கூடிய பொருள் விலை உயர்ந்ததும் அல்ல. கொசுவலையைப் பாயின் அடியில் சுற்றிலும் செருகிப் படுத்தால் பாம்பு உள்ளே வர வழியில்லை. இரவில் வெளியே போக டார்ச் லைட், வயலில் இறங்கக் கணுக்கால் மூடிய காலணி. கடித்துவிட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, மந்திரிக்க அலையாமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு ஊசி அங்கே இலவசம்.

அந்த ஊசி மருந்தைத் தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. நாட்டுக்கே உயிர் காக்கும் அந்தச் சமூகத்தில் பல குடும்பங்களுக்கு இன்னும் உறுதியான வீடு இல்லை. இதை எழுதும்போது மனம் கொதிக்கிறது.

விரிசலை இருவரும் பார்த்தார்கள்

படிப்பறிவும் விழிப்புணர்வும் இல்லாததால்தான் ஏழைகள் விபத்தில் சாகிறார்கள் என்று சொல்பவர்கள் வங்காளதேசத்து ராணா பிளாசாவை நினைத்துப் பார்க்க வேண்டும். டாக்கா அருகே சாவரில் இருந்த எட்டு மாடிக் கட்டடம் அது. 2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆயத்த ஆடை ஆலைகளின் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும் என்ற மிரட்டலும் இருந்தது. பயந்துகொண்டேதான் படியேறினார்கள். ஏப்ரல் 24 காலை கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள்.

வங்கி ஊழியருக்குத் தெரிந்தது தையல்காரப் பெண்ணுக்கும் தெரிந்தே இருந்தது. ஒருநாள் வேலைக்குப் போகாமல் இருக்கும் வசதி ஒருவருக்கு இருந்தது, இன்னொருவருக்கு இல்லை.

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்திலும் இதே கதைதான். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். அதற்குப் பின்னும் வெடிவிபத்துகள் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் விசாரணையில் அதே காரணங்கள் வெளிவருகின்றன: உள்குத்தகை, அனுமதித்ததைவிட ஓர் அறையில் கூடுதல் ஆட்கள், தீபாவளி அவசரம். வெடிமருந்து செலுத்தும் வேலையில் உராய்வு என்பதே ஆபத்து. எண்ணிக்கைக்குக் கூலி என்று வைத்துவிட்டு, கை மெதுவாகப் போகட்டும் என்று சுவரில் எழுதி வைப்பதில் என்ன பயன்?

ராணா பிளாசாவுக்குப் பிறகு சில வாரங்களில், ஆடை வாங்கும் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆலைகளுக்குச் சுதந்திரமான பொறியாளர்கள் போனார்கள். ஆபத்தான கட்டடத்துக்குள் நுழைய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு எழுத்தில் கிடைத்தது. இத்தனை பேர் சாகும்வரை காத்திருந்து கிடைத்த உரிமை அது.

தகரமும் இல்லாதவர்

உலகச் சாலைச் சாவுகளில் 92 விழுக்காடு, ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் நடக்கிறது. உலகின் வாகனங்களிலோ சுமார் 60 விழுக்காடுதான் அங்கே ஓடுகின்றன. இந்தியாவில் 2022இல் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து போனவர்கள். காரில் இருப்பவரைச் சுற்றித் தகரமும் சீட் பெல்ட்டும் காற்றுப்பையும் இருக்கின்றன. மற்றவர்களுக்கு மோதலைத் தாங்கத் தங்கள் உடம்பு மட்டுமே உண்டு.

நால்வழிச்சாலை அறுத்துக்கொண்டு போன கிராமங்களைப் பாருங்கள். ஊர் ஒரு பக்கம், வயலும் பள்ளிக்கூடமும் மறுபக்கம். சுரங்கப்பாதை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், தலையில் புல்லுக்கட்டோடு நடுத்தடுப்பைத் தாண்டும் பெண்ணை அலட்சியக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு மருத்துவர் செய்த விளக்கு

மின்சாரம் எட்டாத இலங்கை வீடுகளில் ஒரு காலத்தில் குப்பி விளக்குதான் வெளிச்சமாக இருந்தது. பழைய போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டது. கை பட்டால் சாயும், உருளும், எண்ணெய் சிந்திப் புடவையில் பற்றும். தீக்காயத்தோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து மனம் நொந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, விளக்கையே மாற்ற முனைந்தார். குட்டையான, கனமான கண்ணாடிக் குப்பி. உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை. சாய்ந்தாலும் எண்ணெய் கொட்டாதபடி திருகு மூடி. குறைந்த விலையில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

விளக்கு அருகே கவனமாக இருங்கள் என்று துண்டறிக்கை அச்சடித்து அவர் நின்றுவிடவில்லை. நாள் முழுக்க உழைத்துக் களைத்த தாய், ஒரே அறையில் சமைத்து, பிள்ளைகளைப் படிக்கவும் வைத்து, அங்கேயே தூங்குகிற வீட்டில் கவனம் எப்போதாவது தவறத்தான் செய்யும். அப்போதும் உயிர் போகாதபடி பொருளைச் செய்வதுதான் மருத்துவம் என்று நான் நினைக்கிறேன்.

அடிபட்ட பிறகு

அடிபட்ட முதல் மணி நேரம் பல உயிர்களின் முடிவைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008இல் வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். வருமானச் சான்று வேண்டாம், வேறு மாநிலத்தவர் ஆனாலும் தடையில்லை. தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பவரைப் போலீஸ் அலைக்கழிக்காதபடி 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் பாதுகாப்புத் தருகிறது. ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். கழுத்தைத் திருப்பாதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். தீப்புண் என்றால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசையும் இங்க்கும் வேண்டாம்.

உயிர் தப்பியவருக்கு அதன் பிறகுதான் நீண்ட பாடு. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கூலி இல்லை. பலர் புண் ஆறும் முன்பே பெயர் வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள், சீழ் வைத்துத் திரும்பி வருகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையையும், கட்டுமானம் முதலிய அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான நல வாரியப் பதிவையும் அடிபடுவதற்கு முன்பே முடித்து வையுங்கள். வாரியத்தில் விபத்துச் சாவுக்கும் ஊனத்துக்கும் உதவித்தொகை உண்டு. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டு இப்போதே புதுப்பித்துக்கொள்ளலாம்.