கயிறு பிடிக்காமல் நட்ட வயல்

கதிரடிக்கும்போது கண்ணில் உமி தெறித்துவிட்டது, மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து போட்டுக்கொண்டேன், போதுமா என்று உசிலம்பட்டிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படியே பூ விழுந்தாலும் பன்றித் தோலில் செயற்கைக் கருவிழி செய்துவிட்டார்களாமே என்பது அவருடைய அடுத்த கேள்வி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடன் நாட்டுக் குழு ஒன்று 2022-ல் வெளியிட்ட ஆய்வு அது. இந்தியாவிலும் ஈரானிலுமாக 20 பேருக்குப் பன்றித் தோல் கொலாஜனைப் பொருத்தினார்கள். அத்தனை பேருக்கும் இருந்தது கருவிழி கூம்பாகப் புடைக்கும் நோய். கிருமி அரித்துத் தழும்பான கண் ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாப் பார்வைக் குறைவுக்கும் விடிவு வந்ததுபோல எழுதிய செய்திகள் இதைச் சொல்லாமல் விட்டது பெரிய தவறு.

தழும்பு ஏன் பார்வையை மறைக்கிறது என்று பார்ப்போம். கருவிழியின் கனம் அரை மில்லிமீட்டர்தான். அதில் பத்தில் ஒன்பது பங்கை நிரப்புவது கொலாஜன் நார்ப் படலங்கள். பக்கத்திலேயே இருக்கும் வெள்ளை விழியிலும் இதே கொலாஜன்தான். அது வெளுத்திருக்க, இது மட்டும் கண்ணாடியாக இருப்பது நார்களின் வரிசையால். கயிறு பிடித்து நட்ட நாற்று வயலை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி இருநூறுக்கும் மேற்பட்ட வயல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு வரிசையின் திசையை மாற்றினால் கருவிழி. ஒவ்வொரு நாற்றும் தன்மேல் படும் ஒளியைச் சிறிது சிதறடிக்கத்தான் செய்யும். ஆனால் நாற்றுகளின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தில் பாதிகூட இல்லை. அதனால் பக்கவாட்டில் சிதறும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, நேரே போகும் ஒளி மட்டும் மிஞ்சுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

வயலில் தண்ணீர் தேங்கினாலும் வரிசை குலையும். அதற்காகவே அடியில் ஒற்றை அடுக்குச் செல்கள் ஓயாமல் நீரை இறைக்கின்றன. அடிபட்ட இடத்தில் பூஞ்சை புகுவது, வயலில் களை முளைப்பது போல. களையை அழிக்க உடம்பு அனுப்பும் வெள்ளையணுக்கள், வயலில் அவிழ்த்துவிட்ட மாடுகள். அவை சுரக்கும் நொதிகள் களையோடு பயிரையும் கரைத்துவிடுகின்றன. பிறகு உடம்பே மறுநடவு செய்கிறது, கயிறு பிடிக்காமல், தாறுமாறாக. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது பூ.

நார்களின் வரிசையால்தான் கருவிழி கண்ணாடியாக இருக்கிறது என்ற விளக்கத்தை 1957-ல் முன்வைத்தவர் டேவிட் மாரிஸ். படிகம் போன்ற பிசகில்லாத ஒழுங்கு வேண்டும் என்றார் அவர். அண்டை நார்களுக்குள் ஒழுங்கிருந்தால் போதும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

மெடிக்கல் சொட்டு மருந்துக்கு வருவோம். 1994-ன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். பாதிக்கு மேல் விவசாய வேலை செய்பவர்கள். பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சரிபாதி. பூஞ்சைகளில் முதலிடம் மண்ணிலும் பயிரிலும் வாழும் ஃபுசேரியத்துக்கு. கண் சிவப்புக்கென்று சீட்டில்லாமல் வாங்கும் மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்தவையும் உண்டு. அது மாட்டைக் கட்டிப்போடும். சிவப்பும் வலியும் குறையும். களை தடையின்றி வளரும். புண்ணைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழை சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் மருந்து போடாதீர்கள்.

பூஞ்சைக்கு நல்ல மருந்து பழைய மருந்துதான். தென்னாப்பிரிக்க மண்ணில் 1950-களில் கண்டெடுத்த நாட்டாமைசின், பாலாடைக்கட்டியின் மேல் பூசணம் பிடிக்காமலிருக்கவும் பூசப்படுகிறது. பூஞ்சைச் சவ்வின் எர்கோஸ்டிராலைப் பற்றிக்கொண்டு, உணவு உள்ளே போகும் வழியை அது அடைக்கிறது. புதிதாக வந்த வோரிகோனசோல் அதைவிட ஆழமாக ஊடுருவும் என்று பலரும் நம்பினார்கள். அரவிந்தும் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் 323 பேரிடம் ஒப்பிட்டு 2013-ல் வெளியிட்ட முடிவில் வென்றது பழையது. ஃபுசேரியத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது.

ஆனால் நாட்டாமைசினை விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை விட வேண்டும். மருந்து வாரக்கணக்கில் தொடரும். கூலிக்குப் போகிறவரால் எப்படி முடியும்? சொட்டு விட வீட்டில் இன்னொருவர் வேண்டும், அவர் கூலியும் போகும். அமெரிக்கா 2010-ல் கருவிழி அழற்சிக்கும் கான்டாக்ட் லென்ஸ் கோளாறுகளுக்கும் சேர்த்து ஆன நேரடி மருத்துவச் செலவை 17.5 கோடி டாலர் என்று கணக்கிட்டது. நம் பக்கம் நோயே அதைவிட அதிகம். மதுரை மாவட்டத்தில் 1993-ல் லட்சம் பேருக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. மினசோட்டாவின் ஒரு மாவட்டத்தோடு ஒப்பிட்டால் பத்து மடங்கு. ஆனால் இங்கே இழந்த கூலி எந்த மருத்துவமனை ரசீதிலும் ஏறுவதில்லை.

புண் வருமுன் தடுக்க முடியாதா? நேபாளத்தின் பக்தபூரில், கருவிழியில் கீறல் பட்ட 18 மணி நேரத்துக்குள் வந்து குளோராம்பெனிகால் களிம்பு போட்டுக்கொண்ட ஒருவருக்கும் புண் வைக்கவில்லை. அதை நம்பி ஊர் ஊராகத் தொண்டர்களை வைத்து, ஒப்பீட்டுக் குழுவோடு பெரிய அளவில் சோதித்தபோது புண்கள் குறையவில்லை. முதல் முடிவை மட்டும் மேற்கோள் காட்டுவோர் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அறுவடை நாளில் கண்ணில் அடிபட்டு மருத்துவமனைக்கு வருபவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அடுத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்வேன்.