வெட்ஜ் வாங்க முன் பாகையைப் பாருங்கள்

கோல்ப் செலவு மிக்க விளையாட்டு. கைமாறி வந்த அயர்ன் தொகுதியோடு பழகும் ஒருவர் பொருந்தாத வெட்ஜுக்குக் காசைக் கொட்டக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வெட்ஜ் என்பது பந்தை உயரத் தூக்கிக் கிட்டிய தூரத்தில் இறக்கும் கோல். அதன் முகம் எத்தனை பாகை சரிந்துள்ளது என்பதே முக்கியம், பெயரல்ல. பழைய தொகுதிகளில் பிட்ச்சிங் வெட்ஜ் பெரும்பாலும் 48 பாகை அளவில் இருந்தது. தூரம் கூட வேண்டுமென்று இன்றைய பல தொகுதிகளில் அதை 44 பாகை அளவுக்கு நிமிர்த்திவிட்டார்கள். மணற்குழியிலிருந்து பந்தை எடுக்கும் சாண்ட் வெட்ஜோ பொதுவாக இன்னும் 56 பாகைதான். இடையில் 12 பாகை வெற்றிடம். அந்தத் தூரங்களில் வீச்சைக் குறைத்துத்தான் சமாளிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதலில் உங்கள் பிட்ச்சிங் வெட்ஜின் பாகையை அறியுங்கள். அதிலிருந்து 4 முதல் 6 பாகை இடைவெளியில் அடுத்தவற்றைத் தெரிவுசெய்யுங்கள். அது 48 என்றால் 52, 56. 44 என்றால் 50, 56.

அடிப்புறத்தையும் பாருங்கள். இளகிய மணலுக்கும் ஈரத் தரைக்கும் பவுன்ஸ் கூடியது நல்லது. இறுகிய தரைக்குக் குறைந்தது.

விதிப்படி பையில் 14 கோல்களுக்கே இடம். புதிய பயிற்சியாளருக்கு இரண்டு வெட்ஜ்களே போதும் என்பேன். மிஞ்சும் காசைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள்.