மோட்டாரை எப்போது நிறுத்துவது?

மலைக்கோயிலால் அறியப்பட்ட திருச்செங்கோடு, கடந்த சில பத்தாண்டுகளில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் ஊராகவும் நாடெங்கும் பெயர் பெற்றுவிட்டது. இங்கிருந்து கிளம்பும் வண்டிகள் வட மாநிலங்கள் வரை சென்று கடினப் பாறையில் ஆறரை அங்குலத் துளை இறக்கிவருகின்றன. சேலம், நாமக்கல் சமவெளியின் அடியில் இருப்பதும் அத்தகைய பாறைதான். அதன் விரிசல்களிலும் மேலே சிதைந்து கிடக்கும் அடுக்கிலும் மட்டுமே நீர் தங்குவதால், அருகருகே போட்ட இரண்டு போரில் ஒன்றில் இரண்டு இஞ்ச் தண்ணீரும் மற்றொன்றில் வெறும் புகையும் வருவது இங்கு வியப்பில்லை. ஆயிரம் அடி ஆழத்தை இவ்வளவு அறிந்த வட்டாரத்தில், மஞ்சளும் மரவள்ளியும் பெரும்பாலும் நீர் குடிக்கும் மேல் ஒன்றிரண்டு அடி மண்ணை அளந்து பார்க்கும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

பாய்ச்சிய நீரில் மிகுதி கீழே வடிந்தபின் மண் தன் துளைகளில் பிடித்துவைத்திருக்கும் ஈரத்தின் மேல் எல்லையை வயல் கொள்திறன் என்றும், வேரால் இனி இழுக்க இயலாத அளவுக்கு ஈரம் குறைந்த கீழ் எல்லையை நிரந்தர வாடல் நிலை என்றும் மண்ணியலார் குறிப்பிடுவர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீரே பயிருக்குரியது. மணல் கலந்த செம்மண்ணில் இந்த இடைவெளி குறுகியது, கரிசலில் அகன்றது. ஆகவே செம்மண் காட்டுக்குக் குறைந்த அளவில் அடிக்கடியும், கரிசலுக்கு இடைவெளி விட்டுக் கூடுதலாகவும் பாய்ச்ச வேண்டியிருக்க, இரண்டுக்கும் ஒரே முறைக்கணக்கு வைப்பது நீரையும் அதோடு கரைந்துபோகும் உரத்தையும் வேருக்குக் கீழே அனுப்புவதாகும். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது ஏறத்தாழ 4,000 லிட்டர். பயிரும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் இழந்தால், ஈடுகட்ட வேண்டியது 20,000 லிட்டர்.

ஈரத்தை அறியும் மிகப் பழைய கருவி கை: வேர் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கினால் உருண்டை நிற்கிறதா, உதிர்கிறதா, விரலில் நீர் கசிகிறதா என்பதே சேதி சொல்லும். டென்சியோமீட்டர் இதை எண்ணாக்குகிறது. நுண்துளையுள்ள பீங்கான் முனை பொருத்திய, நீர் நிரப்பிய குழாய் அது. மண் காயக் காய முனை வழியே நீரை இழுப்பதால், மேலேயுள்ள வெற்றிடமானியின் முள் ஏறும். வேர்ப்பகுதியில் ஒன்றும் அதற்குச் சற்றுக் கீழே ஒன்றுமாக இரண்டு குழாய்களை நட்டால், மேலது தொடங்க வேண்டிய நேரத்தையும், கீழது தேவைக்கு மிஞ்சிப் பாய்ந்ததையும் காட்டிக்கொடுக்கும். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் வடிவமைத்த மண் ஈரப்பதங்காட்டியோ எண்ணைக்கூடக் கேட்பதில்லை. இரு கம்பிகளை மண்ணில் குத்தியதும், நிறைந்த ஈரத்துக்கு நீலம், போதுமானதற்குப் பச்சை, குறைந்ததற்கு ஆரஞ்சு, மிகக் குறைந்ததற்குச் சிவப்பு என விளக்கு எரிகிறது. இதே போன்ற இரு கம்பிக் கருவியை கோல்ஃப் மைதானப் பராமரிப்பாளர்கள் நெடுநாளாகக் கையாளுகின்றனர். மணல் அடுக்கின் மேல் வளரும் குட்டைப் புல் ஒரே பகலில் கருகக்கூடியது என்பதால், மைதானம் முழுவதையும் நனைக்காமல் காய்ந்த திட்டுக்கு மட்டும் நீர் விடுவதே அவர்களது முறை. விளையாட்டுப் புல்லுக்குக் கிடைத்த இந்தக் கவனம் உணவுப் பயிருக்குத் தாமதமாகவே வந்துசேர்கிறது.

அண்டை மாவட்டமான தருமபுரியிலும் அதையடுத்த கிருஷ்ணகிரியிலும் 2004-05 முதல் மூன்று ஆண்டுகள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வழிநடத்தி 400 ஹெக்டேரில் நடந்த துல்லியப் பண்ணையத் திட்டம், சொட்டுநீரோடு கரையும் உரத்தையும் சேர்த்துக் கொடுக்கும் முறையைக் காய்கறி விவசாயிகளிடம் பரப்பியது. இன்று சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் அமைக்க முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் கிடைக்கின்றன. ஆழத்து உப்புநீர் சொட்டுவானை அடைப்பதும், எலியும் அணிலும் குழாயைக் கடிப்பதும் தனிப் பாடு.

எனினும் குழாய் சொட்டுவதாலேயே சிக்கனம் வந்துவிடாது. 1990 முதல் தமிழகத்தில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். ஆனால் மும்முனை மின்சாரம் வரும் நேரமோ விவசாயியின் கையில் இல்லை. எனவே கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானே ஓடவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் பல கிணற்று மேட்டில் பொருத்தப்பட்டிருக்கிறது. மண் நீலத்தில் இருந்தாலும் சிவப்பில் இருந்தாலும் அது ஓடும். ஈரங்காட்டி நிறுத்தச் சொல்லும் நாளில், அடுத்த முறை கரண்ட் எப்போது வருமோ என்ற ஐயம் ஓட்டச் சொல்கிறது. இந்த ஐயத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமல்ல. நீர் மிச்சமானாலும் அது பாறைக்குள் தங்கிவிடுவதில்லை என்பது இன்னொரு சிக்கல். சொட்டுநீரால் மிச்சமானதைக் கொண்டு அரை ஏக்கர் மஞ்சள் கூடுதலாக வைக்க எந்த விவசாயியும் முனைவார், அவருக்கு அது இலாபமும்கூட. ஆனால் அதே விரிசலிலிருந்து நீர் எடுக்கும் பக்கத்துத் தோட்டத்துப் போரின் மட்டம் அதனால் உயரப்போவதில்லை.