குளிர்பெட்டியின் முதுகுக்கும் காற்று வேண்டும்

பள்ளி விடுமுறை வந்தால் இப்போது நம் குடும்பங்கள் சில ஹோட்டல் தேடுவதில்லை. பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, சின்ன ஐஸ்பெட்டி எல்லாம் பொருத்திக்கொண்டு தெலுக் பாத்தேக் கடற்கரைக்கோ கேமரன் மலைக்கோ கிளம்பிவிடுகிறார்கள். வானொலியில் பயணம் பற்றிப் பேச்செடுத்தால் போதும், அழைக்கும் நேயர்களில் ஒருவராவது புலம்புவார்: "எல்லாம் நல்லா இருக்கு, இந்த ஐஸ்பெட்டி மட்டும் குளிரவே மாட்டேங்குது."

பால் திரிந்தது, மீன் நாறியது என்பதெல்லாம் வீடு திரும்பியதும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதைகள். என் அத்தைக்கு அது சிரிப்புக் கதையாக இருக்கவில்லை. அவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். மாமாவும் அத்தையும் கெரிக்கைத் தாண்டித் தெமெங்கோர் ஏரிப் பக்கம் மூன்று நாள் தங்கப் போவதாகத் திட்டம். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். திறந்ததை அறை வெப்பத்தில் சில வாரங்கள் வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் பெரும்பாலான வகைகளுக்கு அந்த 'அறை வெப்பம்' 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. வெயிலில் நிற்கும் வேனுக்குள் 30 டிகிரி என்பது காலை ஒன்பது மணிக்கே தாண்டிவிடும் எல்லை. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு மாமா ஐஸ்பெட்டிக்குள் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். பிற்பகல் இரண்டு மணிக்கு 13 டிகிரி.

இந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வீட்டு ஐஸ்பெட்டி மாதிரி இதில் கம்ப்ரஸர் கிடையாது. கேஸ் தீயிலும் ஓடும், 240 வோல்ட்டிலும் ஓடும், வண்டியின் 12 வோல்ட்டிலும் ஓடும். சூடுபடுத்தித்தான் குளிர்விக்கிறது என்று மாமா சொன்னபோது என்னைக் கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவளுக்கும் அம்மோனியாவுக்கும் என்ன சம்பந்தம்!

ஆனால் அது உண்மை. 1922இல் ஸ்டாக்ஹோமில் பால்ட்ஸர் வான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் என்ற இரண்டு பொறியியல் மாணவர்கள் உருவாக்கிய முறை இது. சில ஆண்டுகளில் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதை வாங்கி உலகெங்கும் விற்றது. மின்சாரம் இல்லாத இடங்களுக்கு அதன் மண்ணெண்ணெய் விளக்கு வகை போனது. தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால், துரை பங்களாவில் அடியில் திரி எரிய, உள்ளே தண்ணீர் ஐஸ் ஆன அதிசயத்தைச் சொல்வார்கள். லயத்து வீடுகளுக்கு மாலையில் சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் ஓடிய காலம் அது.

அந்தக் குழாய்களுக்குள் நடப்பது இதுதான். அம்மோனியா கலந்த தண்ணீரைச் சூடாக்கினால் அம்மோனியா ஆவியாகி மேலே ஏறும். பெட்டியின் பின்புறம் மேல் பகுதியில் தகடு தகடாகத் தெரிகிறதே, அங்கே வந்ததும் அது சூட்டை வெளிக்காற்றிடம் விட்டுவிட்டுத் திரவமாகும். பிறகு ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் இறங்கி மறுபடி ஆவியாகும்போது, உணவு இருக்கும் அறையிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் தண்ணீர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஓடும் பாகம் ஒன்றுகூட இல்லை, அதனால் சத்தமும் இல்லை. ஒலிபரப்புக் கூடத்தில் வேலை செய்கிறவளுக்கு இதைவிடப் பிடித்த இயந்திரம் இருக்க முடியாது.

சிக்கல் அந்தத் தகடுகளில்தான். அங்கே சூடு வெளியேறவில்லை என்றால் அம்மோனியா சரியாகத் திரவமாகாது. அது திரவமாகாவிட்டால் உள்ளே குளிர் பிறக்காது. இந்த முறையில் இயங்கும் சிறிய பெட்டிகளின் கையேடுகளில், சுற்றியுள்ள காற்றைவிட 25 முதல் 30 டிகிரி வரை குறைக்கும் என்று போட்டிருப்பார்கள். ஈப்போவின் பிற்பகல் 33 டிகிரி. கணக்குப்படி 8 டிகிரிக்குள் வந்துவிட வேண்டுமே? பெட்டிக்குச் 'சுற்றியுள்ள காற்று' என்பது ஈப்போவின் காற்று அன்று, அதன் முதுகுக்கும் வேனின் தகரத்துக்கும் நடுவே அடைபட்டுக் கிடக்கும் காற்று. வெயில் பட்ட தகரமும் எரியும் கேஸும் சேர்ந்து அதை 45 டிகிரிக்குக் கொண்டுபோனால் மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

பெட்டி வாங்குவோர் உள்ளே ஒட்டியிருக்கும் சின்ன லேபிளைப் பாருங்கள். வெப்பநிலை வகுப்பு 'என்' அல்லது 'எஸ்என்' என்றால் 32 டிகிரி வரைக்கும் சோதிக்கப்பட்டது. 'எஸ்டி' என்றால் 38, 'டி' என்றால் 43. ஐரோப்பாவிலிருந்து வரும் பழைய கேரவன் பெட்டிகளில் எந்த எழுத்து இருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

மாமா செம்மோர் பக்கத் தோட்டமொன்றில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை பார்த்தவர். அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. வேனின் பக்கவாட்டில் இருந்த இரண்டு காற்றுத் துளைகளைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "இது நம்ம புகைக்கூடம்தாம்மா. கீழே காத்து நுழையணும், மேல தொறந்து விடணும். மேல் கதவச் சாத்துனா சூடு அங்கேயே நிக்கும்." புகைக்கூடத்தில் சூடு நிற்பது சில நேரம் வேண்டும், ஐஸ்பெட்டிக்கு ஒருபோதும் வேண்டாம். அதுதான் வித்தியாசம்.

சூடான காற்று தானாக மேலே ஏறும் அந்த இழுப்பு, குளிர்நாட்டுக்குப் போதும். நம் ஊர் வெயிலில் அதற்கு ஒரு தள்ளு வேண்டும். மாமா பயன்படுத்தியது பழைய மேசைக் கணினியிலிருந்து கழற்றிய இரண்டு காற்றாடிகள், 12 வோல்ட், 120 மில்லிமீட்டர். மேல் துளைக்கு அருகே, தகடுகளின் சூட்டை மேல்நோக்கி வெளியே தள்ளுமாறு பொருத்தினார். கீழே வைத்து ஊதினால் கேஸ் தீ அணைந்துவிடலாம், அதனால் பர்னர் பக்கம் காற்றாடி கூடாது. தகடுகளுக்கும் வேன் சுவருக்கும் நடுவே அகலமான சந்து இருந்தது. காற்று தகடுகளைத் தொடாமல் அந்தச் சந்து வழியாகவே நழுவிப் போகும் என்று ஓர் அலுமினியத் தகட்டை வளைத்து அதை அடைத்தார். என்னைக் கேட்டால் காற்றாடியைவிட அந்தத் தகடுதான் பாதி வேலையைச் செய்தது. பலரும் அதை விட்டுவிட்டு, காற்றாடி பலனில்லை என்கிறார்கள்.

மின்செலவு பயப்படும்படி இல்லை. ஒரு காற்றாடி 0.2 ஆம்பியர் இழுத்தால், இரண்டும் இரவு பகலாக ஓடினாலும் 10 ஆம்பியர்-மணிக்குள் அடங்கும். பெட்டியின் சூடேற்றும் கம்பி 12 வோல்ட்டில் ஓடும்போது ஒரே மணி நேரத்தில் அவ்வளவைத் தின்றுவிடும். ஒயரில் சின்ன ஃபியூஸ் ஒன்று போட மறக்க வேண்டாம்.

பெட்டிக்கு உள்ளே இன்னொரு குட்டிக் காற்றாடி, உள்ளங்கை அளவு. அது குளிரை உண்டாக்காது, பரப்பும். கதவு ஓரத்துக்கும் பின்சுவருக்கும் இருக்கும் வித்தியாசம் குறையும். இன்சுலின் வைப்போர் கவனிக்க வேண்டியது இங்கேதான்: உள்ளே இருக்கும் குளிர்த் தகட்டை ஒட்டி மருந்தை வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பிறகு பயன்படுத்தக் கூடாது. அத்தை அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு நடுத்தட்டில் வைத்து, அருகிலேயே வெப்பமானியையும் வைத்துக்கொண்டார்.

காற்றாடியால் தீராதவையும் உண்டு. வண்டி சரிவில் நின்றால் குழாய்க்குள் திரவம் சரியாக ஓடாது, பெட்டி குளிராது. பின்புறம் மஞ்சள் நிறக் கறையோ மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடையோ வந்தால் குழாய் ஒழுகுகிறது என்று பொருள். உடனே அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். அதைப் பழுதுபார்க்க மாமாவைப் போன்ற கைகாரர்களும் முயலக்கூடாது. மழைக்குப் பயந்து காற்றுத் துளைகளை டேப் போட்டு அடைப்பவர்களும் இருக்கிறார்கள். கேஸ் எரியும் இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

வேன் இல்லாதவர்களுக்கு ஒரு சொல். உங்கள் சமையலறை ஐஸ்பெட்டி சுவரோடு ஒட்டிக்கொண்டு, தலையில் அரிசிப் பையைச் சுமந்துகொண்டு நிற்கிறதா? கொஞ்சம் முன்னால் இழுத்துப் பின்பக்கத் தூசியைத் துடையுங்கள். கம்ப்ரஸர் பெட்டியும் தன் சூட்டை எங்கேயாவது கொட்டித்தான் ஆக வேண்டும்.

காற்றாடிகள் ஓடத் தொடங்கிய மறுநாள் பிற்பகல், அதே இரண்டு மணிக்கு, வெப்பமானி 6 காட்டியது. தெமெங்கோரில் மூன்று நாளும் 4க்கும் 7க்கும் நடுவிலேயே நின்றதாக அத்தை ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் மணிவாரியாக எழுதி வைத்திருந்தார்.

எனக்கிருந்த ஒரே குறை, அந்தக் காற்றாடிகளின் ரீங்காரம். மைக்கின் முன்னால் உட்கார்ந்து பழகிய காதுக்கு அது கொசுவைவிடக் கொடுமை. மாமாவிடம் சொன்னேன். அவர் பழைய சைக்கிள் டியூபைச் சின்னச் சின்ன வட்டமாக வெட்டி, காற்றாடிக்கும் தகரத்துக்கும் நடுவே ஒவ்வொரு திருகாணியிலும் செருகினார். "ரப்பர் தோட்டத்துக்காரன்கிட்ட ரப்பருக்கா பஞ்சம்?" என்றார். சத்தம் பெரும்பாலும் அடங்கிவிட்டது.