எழுதி வைத்த உரிமையும் ஏற்றுப் பேசும் வக்கீலும்



நாம் அன்றாடம் வழங்கும் 'வக்கீல்' என்ற சொல் அரபு மொழி தந்த சொல். ஒருவர் தம் காரியத்தை நம்பி ஒப்படைக்க, அதனை அவர் பொருட்டு நிறைவேற்றித் தருபவரே 'வகீல்'. நீதிமன்றத்தில் நாம் கையொப்பமிட்டுக் கொடுக்கும் 'வக்காலத்'தும் அதே வேரில் பிறந்ததுதான். ஃபிக்ஹு நூல்களில் இதற்கெனத் தனிப் பாடமே உண்டு. எனவே, வழக்கறிஞரை அமர்த்துவது என்பது ஓர் அமானிதத்தை ஒப்படைப்பதாகும்.

நிலத்தகராறு, பாகப்பிரிவினை என்றால் வக்கீலைத் தேடி ஓடுகிறோம். ஆனால், கண்ணுக்குத் தெரியாத சொத்து ஒன்று நம் வீடுகளில் இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பாட்டனார் காலத்திலிருந்து நடந்து வரும் பிரியாணிக் கடையின் பெயர், அத்தர் புட்டியின் மேலுள்ள முத்திரை, இரவெல்லாம் விழித்து எழுதிய நூல், ஓர் இளைஞர் கண்டறிந்த புதிய கருவி ஆகிய யாவும் சொத்துகளே. பெயருக்கும் முத்திரைக்கும் வணிகச் சின்னப் பதிவு, கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை, நூலுக்குப் பதிப்புரிமை எனச் சட்டம் இவற்றைக் காக்கிறது.

மார்க்கம் இவற்றை ஏற்கிறதா என்று சிலர் வினவலாம். 1988-ஆம் ஆண்டு குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இதற்கு விடை பகர்ந்துள்ளது. வணிகப் பெயர், வணிகச் சின்னம், நூலுரிமை, கண்டுபிடிப்பு ஆகியவை உரியவருக்கே உரிமையானவை. அவற்றுக்குப் பொருள் மதிப்பு உண்டு. அவற்றில் அத்துமீறுவது கூடாது என்பது அந்தச் சபையின் தீர்மானம்.

மஞ்சள் கற்பித்த பாடம்

புண்ணுக்கு மஞ்சள் வைப்பது நம் பாட்டிமார்கள் அறிந்த வைத்தியம். அதற்கே 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை பெற்றுவிட்டது! நம் நாட்டின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் 1996-இல் அதனை எதிர்த்து மறு ஆய்வு கோரியது. "எங்கள் பாட்டி இதைத்தான் செய்தார்" என்ற வாய்மொழி மட்டும் அங்கே போதவில்லை. சமஸ்கிருதம், உருது, இந்தி ஆகிய மொழிகளின் பழைய நூல்கள் உள்ளிட்ட 32 சான்றுகள் முன்வைக்கப்பட்டன. 1953-இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த ஒரு கட்டுரையும் அவற்றுள் ஒன்று. புதியதாக இருந்தால்தான் காப்புரிமை உண்டு, இதுவோ பழையது. ஆகவே 1997-இல் அது ரத்தாயிற்று.

வாதாடியது வல்லுநர்கள், வென்று தந்தது எழுத்து. தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் (2:282) கட்டளையிடுவதை நாம் அறிவோம். அந்த நற்பழக்கம் தொழிலிலும் வேண்டும். முதல் ரசீது, பழைய விளம்பரம், பெயர்ப்பலகை வைத்த ஆண்டைக் காட்டும் தாள் ஆகியவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். "நாங்களே முந்தியவர்கள்" என்று உங்கள் வக்கீல் நிரூபிக்க அவைதாம் ஆயுதம்.

யாரை நாடுவது?

காப்புரிமை விண்ணப்பம் எழுதுவது தனிக் கலை. அறிவியலிலோ பொறியியலிலோ பட்டம் பெற்று, காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்விலும் தேறிய முகவர்கள் இதற்கென இருக்கின்றனர். உங்கள் கண்டுபிடிப்பை ஊரறியக் காட்டிவிட்டுப் பின்னர் அவர்களிடம் சென்றால் 'புதியது' என்ற தகுதியே போய்விடக்கூடும். கிடைத்த காப்புரிமை 20 ஆண்டுகள் வரை நிற்கும்.

வணிகச் சின்னத்திற்கு வழக்கறிஞரையோ பதிவு பெற்ற முகவரையோ அணுகலாம். அந்தப் பெயர் வேறெவருக்கேனும் உரியதா என்று முதலில் தேடிப் பார்ப்பது அவர் பணி. உங்கள் பெயரை ஒத்த ஒன்றைப் பிறர் பதிய முயன்றால், அரசின் சின்ன இதழில் அது வெளியான 4 மாதங்களுக்குள் ஆட்சேபிக்க வேண்டும். பதிவை 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். "இந்தப் பெயர் உங்களுக்குக் கிடைக்காது" என்று முகத்துக்கு நேரே சொல்லும் வக்கீலே நல்ல வக்கீல். அவர் உங்கள் பணத்தையும் காக்கிறார், மறுமையையும் காக்கிறார்.

ஊருக்கே பொதுவான உரிமையும் உண்டு. நம் சமுதாயப் பெண்மணிகளின் விரல்கள் நெய்யும் பத்தமடைக் கோரைப்பாய் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. வேறெங்கோ செய்த பாயை அந்தப் பெயரால் விற்பதைத் தடுக்க அது துணை நிற்கும். ஆயினும், நெய்பவர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்டால்தான் அதன் முழுப் பலனும் கிட்டும். நாடு முழுமைக்குமான அந்தப் பதிவகம் நம் சென்னையில்தான் இருக்கிறது.

நாவன்மை ஹலாலாக்காது

புகழ்பெற்ற கடையின் பெயரில் ஓரெழுத்தைக் கூட்டியோ குறைத்தோ பலகை மாட்டிக்கொள்வோர் நம்மிலும் உண்டு. திறமையான வக்கீல் கிடைத்தால் வென்றுவிடலாம் என்பது அவர்கள் துணிவு. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியை அவர்கள் சிந்திக்கட்டும். வழக்காடுவோரில் ஒருவர் மற்றவரைவிடச் சொல்வன்மை மிக்கவராக இருக்கக்கூடும்; அதைக் கேட்டு, ஒருவருடைய உரிமையை மற்றவருக்குத் தாம் தீர்ப்பளித்துவிட்டால், அவர் பெற்றுச் செல்வது நரக நெருப்பின் ஒரு துண்டே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நபியவர்களின் தீர்ப்பே பிறர் பொருளை நமக்கு ஹலாலாக்காது என்றால், இன்றைய நீதிமன்றத் தீர்ப்பு எப்படி ஆக்கும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தகப்பனார் மறைந்ததும் கடையிலுள்ள சரக்கையும் கட்டிடத்தையும் கணக்கிட்டுப் பங்கு வைக்கிறோம். அவர் வளர்த்த பெயரை மட்டும் மூத்த மகன் சத்தமில்லாமல் தன் பேரில் பதிந்துகொள்கிறார். அந்தப் பெயருக்கும் மதிப்பு உண்டென்றால், சகோதரிகளின் பங்கு எங்கே? பாகப் பத்திரம் எழுதும் முன் ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் இதைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

உண்மையை மறைக்காமல் வக்கீலிடம் கூறுவது நம் கடமை. ஒப்படைத்ததைப் பேணுவது அவர் கடமை. நம் உரிமையைக் காக்கவும் பிறர் உரிமையை மதிக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.